ரெண்டாம் நாள் வலி

போன வாரம் திருவொற்றியூர் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் ஒருவன் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு பின்பக்கமாகப் படி இறங்கியதை உங்களில் யாராவது பார்த்திருந்தால், அது நான்தான். குடித்திருக்கவில்லை. வேண்டுதலும் கிடையாது. ஜிம்மில் சேர்ந்து இரண்டு நாள் ஆகியிருந்தது, அவ்வளவுதான்.

முப்பதைத் தாண்டியதும் நமக்கெல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் இந்தப் புத்தி வருகிறது. ஒரு ரத்தப் பரிசோதனை, ஒரு பழைய பேண்டின் பொத்தான், கல்யாண வீட்டில் எவனோ எடுத்த ஒரு போட்டோ, இதில் ஏதாவது ஒன்று. பிறகு ஓர் இளைஞன் நம்மைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, உட்கார்ந்து எழச் சொல்கிறான். நாமும் பொறுப்பாக உட்கார்ந்து எழுகிறோம். அன்று ஒன்றும் தெரிவதில்லை. மறுநாளும் லேசான இறுக்கம்தான். அதற்கடுத்த நாள் காலை, கழிவறையில் உட்காரும்போதுதான் தெரிகிறது.

ஆனால் பின்பக்கமாகப் படி இறங்குவது எங்கள் குடும்பத்துக்குப் புதிதல்ல. நான் ஏழாவது படித்த வருஷம் என் அம்மா இப்படி இறங்கினாள். அவளோடு இன்னும் இரண்டு பெண்கள். அதன் காரணமாக எங்கள் கட்டடம் முழுக்கக் கொசு மருந்து அடித்தார்கள்.

அப்போது நாங்கள் காலடிப்பேட்டையை ஒட்டிய ஒரு மூன்று மாடிக் குடியிருப்பில் இருந்தோம். காற்று கிழக்கே இருந்து வந்தால் கருவாடு மணக்கும். மேற்கே திரும்பினால் மணலி எண்ணெய் ஆலைப் பக்கத்து வாயு மூக்கில் ஏறும். சுவர்க் கடிகாரம் நின்றுபோனாலும் துறைமுகத்துக் கப்பல் ஊதுவதைக் கேட்டு அம்மா நேரம் சொல்லிவிடுவாள். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அம்மா ராயபுரத்தில் ஒரு இறால் கம்பெனியில் உரிக்கிற வேலை. காலையிலிருந்து நின்றபடியே, ஐஸ் கொட்டிய மேஜையில் கையை விட்டு.

ஐஸில் ஊறி ஊறி அவள் விரல் நுனிகள் எப்போதும் வெடித்திருக்கும். சோற்றைப் பிசைந்தால் உப்பும் புளியும் வெடிப்பில் ஏறும். அதனால் அம்மா ஸ்பூனில் சாப்பிடுவாள். பிடி கொஞ்சம் வளைந்த, எவர்சில்வர் ஸ்பூன். அந்தக் கட்டடத்திலேயே ஸ்பூனால் சோறு தின்றவள் அவள் ஒருத்திதான். அதை நான் நாகரிகம் என்று நினைத்துப் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டேன்.

காலாண்டு விடுமுறை விட்ட சமயத்தில், எதிர் வீட்டு அக்கா ஒரு செய்தி கொண்டுவந்தாள். அவள் புருஷன் ட்ரெய்லர் லாரி ஓட்டுபவர். மாத்தூர் தாண்டி ஒரு கன்டெய்னர் யார்டில் பெண் காவலாளிகள் எடுக்கப்போகிறார்களாம். படிப்பு அதிகம் கேட்கவில்லை. உடம்புச் சோதனை மட்டும் உண்டு: யார்டை ஒரு சுற்று ஓட வேண்டும், கன்டெய்னர் மேலே ஏணியில் ஏறி இறங்க வேண்டும், இன்னும் ஏதோ இருக்கும். அடுத்த திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள்.

அம்மா அன்று ராத்திரி சோறு சரியாகச் சாப்பிடவில்லை. ஸ்பூனைத் தட்டில் வைத்துவிட்டு விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவிடம் சொல்லக்கூடாது என்று எனக்குக் கட்டளை. காரணம் இருந்தது. சில மாதங்களுக்கு முன் டீக்கடை வாசலில் யாரோ ஒரு பெண் காவலாளியைப் பற்றிப் பேச்சு வந்தபோது, பேண்ட் சட்டை போட்டுக்கொண்டு கேட்டில் நிற்பதெல்லாம் ஒரு பிழைப்பா என்று அப்பா சொல்லியிருக்கிறார். அம்மா அதைக் காதில் வாங்கி, பத்திரமாக வைத்திருந்தாள். வேலை கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம், கிடைக்காவிட்டால் சொல்லவே வேண்டியதில்லை என்பது அவள் திட்டம்.

அப்பா விடியும் முன்பே கிளம்பிவிடுவார். அவர் போனதும் அம்மா என்னை எழுப்பி மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனாள். அங்கே எதிர் வீட்டு அக்கா காத்திருந்தாள். அம்மாவுக்குத் துணையாகவும், தம்பி கல்யாணத்துக்குள் பழைய ஜாக்கெட் பொருந்த வேண்டும் என்ற சொந்த நோக்கத்தோடும். மூன்றாவது ஆளாகக் கடைக்கார அத்தை. கீழே மளிகைக் கடை வைத்து, மேல் மாடியில் குடியிருந்த தூத்துக்குடிக் குடும்பம் அவர்களுடையது. சர்க்கரை கூடியிருக்கிறது, உடம்பை அசைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதைச் சாக்காக வைத்து அவரும் வந்துவிட்டார்.

"இஸ்கூல்ல இன்னா எக்சைஸ் சொல்லித் தராங்களோ, அத்த அப்டியே எங்களுக்குச் செஞ்சு காட்டு," என்றாள் அம்மா. "ஒண்ணையும் வுடாத."

தோழர்களே, இங்கேதான் ஒரு சிக்கல். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். பள்ளிக்கூடத்தில் எல்லாம் சொல்லித் தருவார்கள் என்று அம்மா நம்பினாள். கால அட்டவணையில் உடற்பயிற்சி வகுப்பு இருந்தது உண்மை. ஆனால் பாடம் முடியவில்லை என்று கணக்கு வாத்தியார் அதை எடுத்துக்கொள்வார். அந்த வருஷம் முழுக்க நான் ஒழுங்காக, திரும்பத் திரும்ப, மேற்பார்வையுடன் செய்த ஒரே உடற்பயிற்சி தோப்புக்கரணம். தாமதமாக வந்தால் அது. வீட்டுப்பாடம் இல்லை என்றால் அது. பெருக்கலில் கோட்டை விட்டால் அதே.

ஆகவே அதைச் சொல்லிக்கொடுத்தேன். வலது கையால் இடது காது, இடது கையால் வலது காது, முதுகு நேராக, முழுசாக உட்கார்ந்து முழுசாக எழ வேண்டும். வாத்தியார் எங்களைத் திருத்திய அதே சொற்கள்.

கடைக்கார அத்தை யோசித்தார். "ஏளா, இது பிள்ளையாருக்குப் போடுறதுல்லா? நான் சர்ச்சுக்குப் போறவ."

பள்ளிக்கூடத்தில் இதற்கு வேறு பெயர் என்று நான் சமாதானம் சொன்னேன். அத்தை கிழக்கே மாதா கோயில் இருக்கும் திசையைப் பார்த்து முணுமுணுவென்று எதையோ சொல்லிவிட்டு, காதைப் பிடித்துக்கொண்டார்.

காயப்போட்ட நெத்திலிக்கும் கேபிள் ஒயர்களுக்கும் நடுவே மூன்று பெண்கள் உட்கார்ந்து எழுந்தார்கள். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கணக்கு வாத்தியார் மாதிரி நடந்தேன். எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னேன், பள்ளிக்கூட வழக்கம் அதுதான். அவர்கள் சிரித்ததாலேயே எண்ணிக்கை பல முறை தவறியது. மூச்சு முட்ட முட்டச் சிரித்து, தண்ணீர்த் தொட்டிச் சுவரில் சாய்ந்து, மறுபடி செய்தார்கள். மறுநாள் தொடை லேசாகப் பிடித்தாலும் விடவில்லை. நேற்றைவிட அதிகமாகச் செய்தார்கள்.

அதற்கடுத்த நாள் காலை தண்ணீர் லாரி வந்தது.

லாரியின் ஹாரன் கேட்டால் எங்கள் கட்டடத்தில் படிகள் அதிரும். குடத்தோடு முதலில் இறங்குவது எப்போதும் அம்மாதான். அன்று முதல் படியில் காலை வைத்தவள் "ஐயோ" என்று நின்றாள். தொடை மடங்க மறுத்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, திரும்பி நின்று, ஏணியில் இறங்குகிற மாதிரி இறங்க ஆரம்பித்தாள். மேலே எதிர் வீட்டு அக்காவும் அப்படியே. அவளுக்கும் மேலே கடைக்கார அத்தை, "காலு ரெண்டும் எனக்குள்ளதே இல்லளா" என்று புலம்பியபடி. மூன்று பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு, இடுப்பு வளைந்து, குடத்தைச் சுவரில் இடித்துக்கொண்டு இறங்கிவந்த காட்சியைத் தரைத்தள வீட்டு ரிடையர்டு கிளார்க் மாமா பார்த்துவிட்டார்.

அது சிக்குன்குனியா வந்த வருஷம் என்பதைச் சொல்லியாக வேண்டும். உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். எந்தத் தெருவில் பார்த்தாலும் ஆட்கள் கூன் போட்டு நடந்தார்கள். டீ கிளாஸைத் தூக்க முடியாதவர்கள் இருந்தார்கள். கிளார்க் மாமா தினசரிப் பேப்பரை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தார்: நம்ம கட்டடத்துக்கும் வந்துவிட்டது.

யாரும் மறுக்கவில்லை. வலித்தவர்களும்தான். உடற்பயிற்சியால் வருகிற வலி செய்யும்போதே வர வேண்டும், அது நின்று நிதானித்து வரும் என்று யாருக்குத் தெரியும்? எனக்கும் தெரியவில்லை. தோப்புக்கரணத்தில் என் கால்கள் எப்போதோ பழகிவிட்டிருந்தன.

மத்தியானத்துக்குள் சுகாதாரத் துறை அக்கா ஒருவர் வந்தார். மூன்று பேர் வாயிலும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. கொஞ்சம் குழம்பினார். சில பேருக்குப் பிறகு வரும் போலிருக்கிறது, இரண்டு நாள் பார்ப்போம் என்று சொல்லி, முன்ஜாக்கிரதையாக நிலவேம்புக் கஷாயம் கொடுத்தார். கசப்பு என்றால் அப்படியொரு கசப்பு. குடித்த பிறகு எச்சில் விழுங்கப் பயமாக இருந்தது. கட்டடம் முழுக்கக் குடித்தது. எனக்கு இரண்டு தம்ளர், நோயாளியின் பிள்ளை என்பதால். படுத்தே இருக்க வேண்டும், ஒரு வாரம் வெளியே போகக்கூடாது என்பது கிளார்க் மாமா சேர்த்துக்கொண்ட மருத்துவம்.

அம்மா பாயில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். நான் கஷாயத் தம்ளரைக் கழுவி வைக்கும்போது, "திங்கக்கெழம போச்சுடா," என்றாள். அழவில்லை. வெடித்த விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்திருந்தாள்.

சாயங்காலம் அப்பா வரும் முன்பே செய்தி அவருக்குப் போய்விட்டது. தெருமுனையிலேயே சொல்லியிருக்கிறார்கள். வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல், விளக்கெண்ணெய்ப் புட்டியை எடுத்துக்கொண்டு அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்தார். கணுக்காலைத் திருப்பினார். முட்டியை மடக்கினார். மணிக்கட்டை அசைத்துப் பார்த்தார். அங்கெல்லாம் அம்மா சும்மாதான் இருந்தாள். பிறகு முட்டிக்கு மேலே தொடையில் கட்டைவிரலை வைத்து லேசாக அழுத்தினார். அம்மா துள்ளிவிட்டாள்.

அப்பா கையை எடுத்துக்கொண்டார். சில நொடிகள் அவள் முகத்தைப் பார்த்தார்.

"இது கொசு குடுத்த வலி இல்லமே," என்றார். "இது மூட்ட குடுக்குற வலி. எங்க போய் மூட்ட தூக்குன?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் எண்ணெய்ப் புட்டியின் மூடியைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

"மூட்டல்லாம் தூக்கலய்யா," என்றாள் அம்மா கடைசியில், சுவரைப் பார்த்தபடி. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். யார்டு, கேட், ஏணி, மொட்டை மாடி. "பேண்ட் சட்ட போட்டுகினு நிக்கணும். உனக்குப் புடிக்காதுன்னு தெரியும். அதான் சொல்லல."

அப்பா சத்தம் போடுவார் என்று நான் காத்திருந்தேன். அவளும் காத்திருந்தாள், தோள்கள் அப்படித்தான் இறுகியிருந்தன. அவர் அவளுடைய மடங்கிய கையைப் பிரித்து, அதில் மிச்ச எண்ணெயைத் தேய்த்தார்.

"ஏணி எம்மாம் ஒசரம்?" என்றார்.

அம்மாவுக்குக் கேள்வி புரியவில்லை. "இன்னா?"

"ஒத்த கன்டெய்னரா, ரெண்டு அடுக்கா?"

"தெர்லய்யா."

"ஒத்ததா தான் இருக்கும். ரெண்டு அடுக்கு ஏற வுட மாட்டாங்க." எழுந்து நின்று கையை நீட்டினார். "எந்திரி. படுத்துக்கினா இறுகிக்கும்."

அன்று அப்பா பேசியதுதான் அதுவரை நான் கேட்டதிலேயே நீளமான பேச்சு. துறைமுகத்தில் புதிதாகச் சேருகிற எல்லோருக்கும் இது வருமாம். முதல் நாள் சூரன் மாதிரி தூக்குவான். ரெண்டாம் நாள் காலையில் எழ முடியாது. அப்போது மேஸ்திரி அவனை வீட்டுக்கு அனுப்ப மாட்டார். மூட்டையும் தர மாட்டார். கையில் துடைப்பத்தைக் கொடுத்து, சிந்திய கோதுமையைக் கூட்டச் சொல்வார், தண்ணீர் எடுத்துக் கொடுக்கச் சொல்வார். அசைந்துகொண்டே இருந்தால் நாலைந்து நாளில் தானாகக் கரையும். வலி என்று வீட்டில் படுத்தவன்தான் வேலையை விட்டுப் போவான். வலி வந்தால் உடம்பு கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, பழகுகிறது என்று அர்த்தம். ஆனால் ரெண்டாம் நாளும் சூரன் வேலை காட்டினால் நிஜமாகவே கெட்டுவிடும்.

பிறகு, சம்பந்தமே இல்லாதது போல, தான் பத்தொன்பது வயதில் ரெண்டாம் நாள் கோதுமை மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுததைச் சொன்னார். அம்மா நம்பவில்லை.

"நீ அழுதியாய்யா?"

"பின்ன. கைய மேல தூக்க முடியாம கண்ணத் தொடைக்கக்கூட முடியல."

அம்மா சிரித்தாள். சிரித்ததில் வயிறு வலித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடி சிரித்தாள்.

பயிற்சி அப்பா கைக்கு மாறியது. வாத்தியார் யார் என்று விசாரித்தவர், என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, காது பிடிக்கிற வேலையை நிறுத்தி வைத்தார். இரண்டு நாளைக்கு மெல்ல நடை மட்டும். வெந்நீரில் உப்புப் போட்டுக் கால் கழுவ வேண்டும். அதற்குப் பிறகு கொஞ்சமாக ஓட்டம், மொட்டை மாடித் தொட்டிக்குப் போகிற இரும்பு ஏணியில் ஏறி இறங்குவது. எதிர் வீட்டு அக்காவும் கடைக்கார அத்தையும் சேர்ந்துகொண்டார்கள். கட்டடத்தில் மற்ற யாரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கிளார்க் மாமா கஷாயத்தின் பேரில் வழக்குப் போட்டிருப்பார்.

கஷாயம் குடித்த மறுநாள் சாயங்காலம் புகை மிஷினோடு கொசு மருந்துக்காரர் வந்தார். டீசல் வாசனையோடு வெள்ளைப் புகை படிக்கட்டு முழுக்க நிறைந்தது. பிள்ளைகள் எல்லோரும் அதற்குள் கத்திக்கொண்டு ஓடினோம். புகைக்குள்ளிருந்து கடைக்கார அத்தையின் குரல் மட்டும் வந்தது: "நான் காதப் பிடிச்சதுக்கு ஊருக்கே மருந்தடிக்காங்க, மக்கா."

அந்த வாரம் லாரித் தண்ணீரைத் தூக்கியது அப்பாதான். தோளில் மூட்டை ஏற்றிப் பழகியவர் குடத்தையும் தோளிலேயே ஏற்றினார். தெருவில் ஒருவர் இன்னாபா நீ தண்ணி தூக்குற என்று கிண்டலாகக் கேட்டதற்கு, வீட்டில் சிக்குன்குனியா என்று சோகமாகச் சொல்லிவிட்டு, எனக்குக் கண்ணடித்தார்.

திங்கட்கிழமை அப்பா வேலைக்குப் போகவில்லை. அம்மா, அப்பா, நான் மூன்று பேரும் ஷேர் ஆட்டோவில் மாத்தூர் போனோம். யார்டு என்றால் ஊர் மாதிரி இருந்தது. சிவப்பு, நீலம், துருவேறிய பச்சை என்று கன்டெய்னர்கள் தெருத்தெருவாக அடுக்கியிருந்தன. பெண்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். அப்பாவும் நானும் கேட் கம்பிக்கு வெளியே நின்றோம்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அம்மா ஓடினாள். முதல் ஆளாக வரவில்லை, கடைசியாகவும் வரவில்லை. ஒற்றைக் கன்டெய்னர்தான், ஏணியில் சரசரவென்று ஏறி, மேலே நின்று, ஒரு தடவை எங்களைத் தேடிப் பார்த்துவிட்டு இறங்கினாள். அப்பா கம்பியைப் பிடித்திருந்த கையைத் தளர்த்தினார்.

தேர்வு வைத்தவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற, மீசை வைத்த பெரியவர். கடைசியாக எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, பஸ்கி எடுக்கச் சொன்னார். கையை முன்னால் நீட்டி உட்கார்ந்து எழுகிற பயிற்சி. மற்ற பெண்கள் கையை நீட்டினார்கள். அம்மாவுக்கு உட்கார்ந்து எழ ஒரே வழிதான் தெரியும். வலது கையால் இடது காதையும் இடது கையால் வலது காதையும் பிடித்துக்கொண்டு, முதுகு நேராக, முழுசாக உட்கார்ந்து முழுசாக எழ ஆரம்பித்தாள்.

யார்டே சிரித்தது. லாரி கிளீனர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அம்மாவுக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியவில்லை. நிறுத்தினால் முதலிலிருந்து என்று நான் சொல்லிவைத்திருந்ததால் நிறுத்தவும் இல்லை. மற்றவர்கள் மூச்சு வாங்கி நின்ற பிறகும் அவள் காதைப் பிடித்தபடி உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தாள்.

மீசைக்காரர் பக்கத்தில் போனார். "போதும்மா. யாரு உனக்கு இந்தத் தண்டனை குடுத்தது?"

"எம் புள்ள சார்," என்றாள் அம்மா, மூச்சு வாங்காமல். "ஏழாவது படிக்கிறான்."

அவர் மீசையைத் தடவி முகத்தை மறைத்துக்கொண்டதைக் கம்பிக்கு வெளியிலிருந்தே பார்த்தேன். வியாழக்கிழமை வந்து உடுப்பு வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது, இப்போது வலிக்கிறதா என்று அப்பா கேட்டார். துளிகூட இல்லை என்றாள் அம்மா.

"ரெண்டாம் நாள் பார்க்கலாம்," என்றார் அவர்.

இப்போது அம்மா அந்த யார்டில் கேட்டுக்கே மேற்பார்வையாளர். அப்பா துறைமுகத்தை விட்டுச் சில வருஷம் ஆகிறது. போன வாரம், ஸ்டேஷன் படியிலிருந்து பின்பக்கமாக இறங்கி வீடு வந்து சேர்ந்த என்னை அவர் பாயில் உட்காரவைத்து, தொடையில் கட்டைவிரலை அழுத்திப் பார்த்தார். நான் துள்ளினேன். அவர் பழைய கேள்வியைக் கேட்டார். ஜிம், பணம் கட்டிச் சேர்ந்திருக்கிறேன் என்றேன்.

"தோ பாருமே," என்று அடுப்படியைப் பார்த்துச் சொன்னார். "இவன் துட்டு குடுத்து மூட்ட தூக்கிகினு வந்துகிறான்."

எனக்குத் தொடை மட்டுமில்லை, கையும் போயிருந்தது. தட்டு முன்னால் வந்தபோது விரலை வாய்வரை கொண்டுபோக முடியவில்லை. ஒரு ஸ்பூன் கொடும்மா என்றேன்.

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிடி வளைந்த அந்த ஸ்பூன் எப்போது காணாமல் போனது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவள் யார்டில் சேர்ந்த சில மாதங்களில், யாரும் தேடாமலே அது போய்விட்டது. உடுப்பின் முழுக்கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். சோற்றில் ரசத்தை ஊற்றி, ஐந்து விரலாலும் நன்றாகப் பிசைந்தாள். புளியும் உப்பும் கையெல்லாம் வழிய, முகம் சுருங்காமல், நிதானமாக உருட்டினாள்.

"வாயத் தொற," என்றாள். "துன்னுட்டு எந்திரிச்சுப் போய்த் தண்ணி புடி. படுத்த, தொலைச்சுடுவேன்."